கணப்புக்குப் புது டைல்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், கணப்பைச் சுற்றிப் பதித்த டைல்ஸ் ஏன் பெயர்கிறது என்று கேட்ட ஒரு வாசகருக்கு, “சூட்டில் சுவரும் டைலும் ஒரே அளவில் நீள்வதில்லை, ஒட்டும் கலவையை மாற்றுங்கள்” என்று இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரி எவ்வளவு போதாதது என்பதை அதன் பிறகு வந்து சேர்ந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. ஏற்காடு, கோத்தகிரி, வால்பாறை என்று மலைமேல் வீடு வைத்திருப்பவர்கள் எழுதியது வியப்பில்லை. கோபியிலிருந்தும் பெருந்துறையிலிருந்தும் கடிதம் வந்ததுதான் வியப்பு. ஆகவே இம்முறை இந்தப் பக்கங்கள் முழுவதையும் கணப்புக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

மலை வீடுகளில் எல்லோரும் ஃபயர்பிளேஸ் என்றே சொல்கிறார்கள். குளிர்காயும் நெருப்புக்குக் கணப்பு என்று நம்மிடமே சொல் இருப்பதால் நான் அதையே எழுதுகிறேன். விறகு எரியும் குழியைத் தீக்கூடு என்றும், அதன் வாயின் இரு பக்கமும் மேற்பக்கமும் சுற்றி நிற்கும் சுவர்ப்பட்டையை முகப்பு என்றும், வாய்க்கு முன்னால் தரையில் பதித்த கல்தளத்தை முன்தளம் என்றும், முகப்பின் தலைமேல் கடிகாரமும் படமும் வைக்கும் பலகையை மேல்பலகை என்றும் குறிப்பிடுகிறேன்.

ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கணப்பின் முகப்பில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினோம். சென்ற மார்கழியில் மேல்வரிசை டைல்ஸ் இரண்டு இரவுகளில் அடுத்தடுத்து விழுந்தது. விழுந்த டைலின் பின்புறம் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது; சிமென்ட் மட்டும் சுவரில் ஐந்து அப்பம் போல ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டைல் தரம் குறைந்ததா?
வாசகி, ஏற்காடு

அம்மா, உங்கள் கடிதத்தில் கேள்வியோடு பதிலும் இருக்கிறது. பின்புறம் சுத்தமாக இருந்தது என்பது ஒரு தடயம். ஐந்து அப்பம் என்பது இன்னொரு தடயம்.

சிமென்ட் பால் ஒரு டைலைப் பிடித்துக்கொள்வதற்கு அது டைலின் நுண்துளைகளுக்குள் ஊறி இறங்கியாக வேண்டும். பழைய சுவர் டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும் என்பதால், கொத்தனார்கள் அதைத் தொட்டியில் ஊறப்போட்டுச் சிமென்ட் பால் தடவி ஒட்டினார்கள்; அது பல ஆண்டுகள் நிலைத்தது. விட்ரிஃபைட் டைல் குடிக்கும் தண்ணீர் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் போகாது. கண்ணாடியின் மேல் சிமென்ட் பூசினால் எப்படி நிற்குமோ அப்படித்தான் அதன் முதுகில் சிமென்ட் நிற்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து அழுத்தும் வழக்கம் இதோடு சேர்ந்துகொண்டால், டைலின் முதுகில் பாதிக்கு மேல் வெற்றிடமாகிவிடுகிறது. குளியலறைச் சுவரில் இந்தப் பிழை ஐந்தாறு ஆண்டுகள் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளலாம். கணப்பு அதைப் பொறுத்துக்கொள்ளாது.

காரணம் சூட்டின் அளவைவிடச் சூட்டின் போக்குவரத்து. முகப்பு எரிவதில்லை, மாலையில் சூடேறி விடியலில் குளிர்கிறது, மறுநாளும் அப்படியே. ஒரு மீட்டர் நீளமுள்ள செராமிக் டைல் வரிசை 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. அதே சூட்டில் சிமென்ட் பூச்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது. அதிலும் இரண்டும் ஒரே நேரத்தில் சூடேறுவதில்லை. டைல் முதலில், பின்னால் உள்ள சுவர் வெகுநேரம் கழித்து. கால் மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விறைத்துப் போன சிமென்ட் உருண்டைக்கு அந்த அளவு வளையத் தெரியாது.

மேல்வரிசை மட்டும் முதலில் விழுந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைக் கட்டாயம் பாருங்கள். தீக்கூட்டின் வாய்க்கு மேலுள்ள செங்கல்லைத் தாங்குவதற்குப் பழைய வீடுகளில் இரும்புப் பட்டை அல்லது ஆங்கிள் போட்டிருப்பார்கள். தீயின் நாக்கும் புகையும் முதலில் தொடுவது அதைத்தான். இரும்பு துருப்பிடித்துப் பருத்தால் மேலே உள்ள பூச்சைத் தள்ளும். அந்த இரும்பின் மேலேயே டைலை ஒட்டியிருந்தால் எந்தக் கலவையும் நிற்காது. விழுந்த இடத்தில் பூச்சைச் சற்றுக் கொத்திப் பார்த்து, துரு இருந்தால் சுரண்டி எடுத்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, இரும்புக்கும் டைலுக்கும் நடுவில் கம்பி வலை வைத்த பூச்சு ஓர் அடுக்கு வருமாறு செய்ய வேண்டும்.

விழுந்த இரண்டு டைலை மட்டும் திரும்ப ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மீதமுள்ள ஒவ்வொன்றையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஒலி வந்தால் விட்டுவிடலாம்; பானையைத் தட்டினாற்போல் ஒலித்தால் அது விழ நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் அநேகமாக எல்லாமே அப்படித்தான் ஒலிக்கும் என்று அஞ்சுகிறேன். அப்படியானால் முழுவதையும் எடுத்துவிட்டு, மூட்டையில் வரும் சிமென்ட் அடிப்படையிலான டைல்ஸ் பசையால் ஒட்டுங்கள். மூட்டையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற தர எண்ணும் அதன் வகை எண்ணும் அச்சிட்டிருக்கும். வகை 1 வேண்டாம். பாலிமர் சேர்ந்த மேல்வகையாகவும், எஸ்1 என்ற குறியுடன் சற்று வளைந்துகொடுக்கக் கூடியதாகவும், சூடுபடும் பரப்புக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுதியதாகவும் பார்த்து வாங்குங்கள். வாளியில் பிசின் போலக் கலந்தே வரும் பசையை, கலக்கும் வேலை மிச்சம் என்று சிலர் பரிந்துரைப்பார்கள். அது சூட்டில் இளகும். கணப்புப் பக்கம் அதைக் கொண்டுபோக வேண்டாம். எபாக்ஸிப் பசையும் இந்த இடத்துக்கு உகந்ததில்லை.

என் அப்பிச்சி கோத்தகிரியில் வாங்கிய பழைய பங்களாவில், கணப்பைச் சுற்றிப் பூவேலை செய்த சிறு டைல்ஸ் இருக்கிறது. நாலைந்தில் விரிசல், இரண்டு காணாமல் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். அம்மாயி மட்டும் வேண்டாம் என்கிறார்கள்.
வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் அம்மாயி சொல்வதைக் கேளுங்கள்.

கோத்தகிரி நம் கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் வந்து கன்னேரிமுக்கில் தங்க வீடு அமைத்துக்கொண்டதிலிருந்து, குளிருக்குக் கணப்பு வைத்த வீடுகள் அந்த மலையில் பெருகின. அப்படிப்பட்ட வீடுகளில் இன்றைக்கும் பழைய டைல்ஸ் தப்பியிருப்பது அரிது. விரிசல் மயிரிழை அளவில் இருந்து, தட்டினால் கெட்டியாக ஒலிக்குமானால் அது ஒரு குறையே ஆகாது. மெருகுப் பூச்சில் மட்டும் ஓடும் அந்த இழைகள் பல பத்தாண்டுச் சூட்டில் தானாக வருபவை. காணாமல் போன இரண்டு இடத்துக்கு அதே பூவேலையைத் தேடி அலைய வேண்டாம். பின்னணி நிறத்துக்குப் பொருந்தும் வெற்று டைலைக் கீழ்மூலைகளில் வைத்து, கீழ்மூலையில் உள்ள பழைய டைலைப் பார்வை படும் இடத்துக்கு மாற்றிவிடலாம். அதற்குக் கீழ்மூலை டைலை உடையாமல் கழற்ற வேண்டும் என்பதால், இணைப்பை முதலில் ரம்பத் தகட்டால் அறுத்துவிட்டு, மெல்லிய உளியைச் சாய்வாகச் செலுத்தும் பொறுமைசாலி ஒருவர் தேவை.

ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. அதன் மேல் கெட்டிச் சிமென்ட் பூச்சு பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சின் முதுகில் தங்கிவிடும். மழைக்காலம் முடிந்து முதல் தீ மூட்டும்போது அந்த ஈரம் ஆவியாகித் தள்ளும். பழுது பார்க்கும் இடங்களில் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையையே பயன்படுத்துங்கள். அத்தோடு, பழைய மெருகிலும் பழைய பெயின்டிலும் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்வாகத் தேய்க்கவோ அரைக்கவோ வேண்டாம். குழந்தைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம்.

பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?
வாசகர், வால்பாறை

சமையலறையில் என்றால் யோசிக்கலாம் என்பேன். கணப்பில் வேண்டாம். இரண்டு அடுக்கும் தனித்தனியாக நீண்டு சுருங்கும். கீழடுக்கில் எது பொள்ளலாக இருக்கிறது என்பதை மேலடுக்கு மறைத்துவிடும்.

வால்பாறை எஸ்டேட் பக்கம் எங்களுக்கு ஒரு சிறு வீடு உள்ளது. கணப்பின் முகப்புக்குக் கிரானைட் நல்லதா, கடப்பாக் கல்லா, ஆத்தங்குடிக் கல்லா? தீக்கூட்டின் உள்ளேயும் அதே டைல்ஸைப் பதித்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்குமே?
வாசகி, பொள்ளாச்சி

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே எந்த டைலும் கூடாது. தீக்கூட்டின் உட்புறம் நெருப்புச் செங்கல்லுக்கு உரிய இடம். கடையில் ஃபயர் பிரிக் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கட்டுவதற்கும் சாதாரணச் சிமென்ட் கலவை ஆகாது. சிமென்ட் இறுகும்போது தனக்குள் கட்டிவைத்துக்கொள்ளும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் மெல்லப் பிரியத் தொடங்கி, 400, 500 டிகிரியை எட்டும்போது உள்ளிருக்கும் சுண்ணாம்புச் சேர்மமும் சிதைந்து, கலவை பொடியாகிவிடும். தீக்களிமண் கலந்த, கடும் சூடு தாங்கும் ரிஃப்ராக்டரி கலவைதான் வேண்டும், இணைப்பும் மெல்லியதாக இருக்க வேண்டும். சேலத்துக்காரர் ஒருவர் சொன்னார் என்று சிலர் மாக்னசைட் செங்கல்லைத் தேடுகிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் பார்த்திருக்கும் அந்த வெள்ளைக் கரடுகளின் தாது மாக்னசைட் என்பதும், அதிலிருந்து செய்யும் செங்கல் எஃகு உலைகளுக்குள் பதிக்கப்படுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் அது அடிக்கடி சூடேறிக் குளிரும் இடத்தில் வெடிக்கும், ஈரத்தையும் தாங்காது. வீட்டுக் கணப்புக்குச் சாதாரணத் தீக்களிமண் செங்கல்லே ஏற்றது, விலையும் குறைவு.

இனி முகப்பு. கிரானைட் முகப்புக்கு நன்றாகவே நிற்கும். தீயின் அடியில், விறகு படும் இடத்தில் அதை வைக்காதீர்கள். கருங்கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரெனப் பருக்கும் தன்மை கொண்டது. கல்லுடைப்பவர்கள் பாறைமேல் விறகை எரித்துப் பலகை பலகையாகப் பெயர்த்தெடுத்தது சூட்டில் கல் பருக்கும் குணத்தை நம்பித்தான். அந்த வேலை உங்கள் கூடத்தில் நடக்க வேண்டாம். மெருகேற்றிய கிரானைட்டில் புகைக்கறை எளிதில் துடைபடும் என்பது அதன் நல்ல குணம். பளபளப்பு கண்ணை உறுத்துகிறது என்றால் லெதர் ஃபினிஷ் கேளுங்கள்.

கடப்பாக் கல் எனக்குப் பிடித்த கல். கரியைக் கரியே மறைத்துக்கொள்ளும் என்பதால் மாதக்கணக்கில் துடைக்காவிட்டாலும் அழுக்குத் தெரியாது. ஆனால் அது அடுக்கடுக்காகப் படிந்த சுண்ணாம்புக்கல் வகை. மட்டமான பலகைகள் சூட்டில் தாள் போல உரியும். வாங்கும்போது பலகையின் ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தால் முன்தளத்துக்குக் கொடுத்துவிட்டு முகப்புக்கு வேறு பலகை எடுங்கள். எலுமிச்சையும் ஆசிட்டும் அதற்கு ஆகாது.

ஆத்தங்குடிக் கல்லை நெருப்பருகே வைப்பது எனக்குச் சம்மதமில்லை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணம் ஊற்றி, சிமென்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் போட்டு வெயிலில் உலர்த்திச் செய்யும் கல் அது; சூளையைப் பார்த்ததே இல்லை. நுண்துளை மிகுந்தது என்பதால் புகைக்கறையைக் குடித்துவிடும். கறை ஏறாமலிருக்கப் பூசும் சீலர் சூட்டில் மஞ்சளாகும். அந்தப் பூவேலை வேண்டுமென்றால் வாயிலிருந்து ஓர் அடிக்கு அப்பால், சுவரின் மேற்பகுதியில் வையுங்கள். சூளையில் சுட்ட செராமிக் டைலிலும் அதே வடிவங்கள் இப்போது வருகின்றன; குஜராத்தின் மோர்பியிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்திறங்கும் பெட்டிகளில் தேடிப் பார்க்கலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஏற்காட்டில் உள்ள வீட்டுக் கணப்புக்கு நானே டைல்ஸ் ஒட்டிப் பார்க்க ஆசை. கணப்பு வாய் 3 அடி அகலம், 2½ அடி உயரம். அறைத் தரை மரப்பலகை. எவ்வளவு வாங்க வேண்டும், எப்படித் தொடங்க வேண்டும்?
வாசகர், திருப்பூர்

கைவேலை கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான அளவு கிடைக்காது. குளியலறை என்றால் தண்ணீர்க் கசிவு பயம். இங்கே அது இல்லை, பரப்பும் சிறிது.

கணக்கைப் பாருங்கள். முகப்புப் பட்டை 9 அங்குலம் என்று வைத்தால் முகப்பு ஏறத்தாழ 7 சதுர அடி. முன்தளத்தை அழகுக்காக அளக்கக் கூடாது, பொறிக்காக அளக்க வேண்டும். மரத்தரை உள்ள வீட்டுக்கு நான் பின்பற்றுவது அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதி: கணப்பு வாய் 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் எரியாத தளம் முன்னால் 16 அங்குலமும் இரு பக்கமும் 8 அங்குலமும் நீள வேண்டும், 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் முன்னால் 20 அங்குலம், பக்கங்களில் 12 அங்குலம். உங்கள் வாய் 7½ சதுர அடி என்பதால் முன்தளம் 5 அடி நீளமும் 20 அங்குல அகலமுமாக இருக்க வேண்டும். அது 8 சதுர அடிக்குச் சற்று மேல். ஆக மொத்தம் 15½ சதுர அடி. 2 அடிக்கு 1 அடி டைல் என்றால் பரப்புக் கணக்கில் 8 டைல் போதும் என்று வரும். கடைக்காரர் அப்படித்தான் சொல்வார். ஆனால் 12 அங்குல டைலை 9 அங்குலமாகவும் 8 அங்குலமாகவும் வெட்டும்போது விழும் கீற்றுகள் வேறெங்கும் பயன்படாது. முகப்புக்கு 5, முன்தளத்துக்கு 5 என்று 10 செலவாகும்; உடைசலுக்கு 2 சேர்த்து 12 வாங்குங்கள். பசை 20 கிலோ மூட்டை ஒன்று தாராளம்.

முதலில் புகைபோக்கியின் கழுத்தைச் சாக்கு வைத்து அடைத்து, சாக்கின் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை முடிந்து சாக்கை எடுக்க மறந்து தீ மூட்டினால் புகை முழுவதும் அறைக்குள்தான் வரும். பழைய டைல்ஸை மேல்வரிசையிலிருந்து தொடங்கி எடுங்கள். கீழிருந்து எடுத்தால் மேலுள்ளது கைமேல் விழும். தூசுக்கு முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. கட்டிங் மெஷினில் டைல் வெட்டும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுங்கள். அந்த வெள்ளைத் தூளில் உள்ள சிலிகா நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

சுவர் வெளிப்பட்டதும் தட்டிப் பார்த்து, பொள்ளலான பூச்சைக் கொத்தி எடுத்து, மட்டமாகப் பூசி, குறைந்தது இரண்டு வாரம் உலர விடுங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் சமவெளிக் கணக்கு செல்லாது என்பதால் இந்த வேலைக்குப் பிப்ரவரி முதல் மே வரையிலான காலமே நல்லது. அவசரப்படுகிறவர்கள் தோற்பது இந்த இரண்டு வாரத்தில்தான்.

ஒட்டுவதற்கு முன் எல்லா டைலையும் தரையில் செய்தித்தாள் விரித்து, சுவரில் எப்படி வருமோ அப்படியே அடுக்கிப் பாருங்கள். வாயின் நடுவில் தூக்குக்குண்டு விட்டு ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து இரு பக்கமும் ஒன்றுபோல் வருமாறு வெட்டுகளைப் பிரியுங்கள். ஒரு பக்கம் முழு டைலும் மறுபக்கம் இரண்டு அங்குலக் கீற்றும் வந்துவிட்டால், வருகிறவர்களின் கண் கணப்பை விட்டுவிட்டு அந்தக் கீற்றில்தான் நிற்கும்.

டைலைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். அது சிமென்ட் பால் காலத்துப் பழக்கம். பசையைப் பல் வைத்த கரணையால் ஒரே திசையில் சீவி, டைலின் முதுகிலும் மெல்லிய பூச்சு தடவி, அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டிய முதல் டைலை உடனே பிய்த்துப் பாருங்கள். முதுகு முழுவதும் பசை பரவியிருந்தால் உங்கள் கை சரி. வெற்றிடம் தெரிந்தால் பசை போதவில்லை. வாய்க்கு மேலே வரும் வரிசை காற்றில் நிற்பது என்பதால், ஒரு நேரான மரச்சட்டத்தை இரு பக்கமும் முட்டுக் கொடுத்து ரசமட்டம் பார்த்து நிறுத்தி, அதன் மேல் டைலை உட்கார வைத்து, மறுநாள் வரை சட்டத்தை எடுக்காதீர்கள். டைலுக்கு டைல் 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் போடுங்கள். இடைவெளியே இல்லாமல் ஒட்டுவதுதான் நாகரிகம் என்று கடையில் சொல்வார்கள்; நீள்வதற்கு இடமில்லாத டைல் முதுகைத்தான் வளைக்கும்.

இந்த வேலை முழுவதிலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நிற்கும் இடம் ஒன்று உண்டு. முகப்பு டைலின் உள் ஓரமும் தீக்கூட்டின் நெருப்புச் செங்கல்லும் சந்திக்கும் கோட்டில் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதில் சிமென்டோ, இணைப்பை நிரப்பும் க்ரௌட்டோ போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே பல நூறு டிகிரி, வெளியே கைபொறுக்கும் சூடு. இரண்டையும் கெட்டியாகக் கட்டிப்போட்டால் எது பலவீனமோ அது உடையும். அங்கே செராமிக் நார்க் கயிற்றைச் செருகி, அதன் மேல் அதிகச் சூடு தாங்கும் சிலிகான் அடையுங்கள். குளியலறைச் சிலிகான் வேறு. ட்யூபின் மேல் எழுதியிருக்கும் வெப்பநிலையைப் படித்து வாங்குங்கள்.

ஒரு நாள் கழித்து க்ரௌட். அதன் பிறகு நான்கு வாரம் தீ மூட்டாதீர்கள். முதல் மூன்று மாலைகளில் கைப்பிடி சுள்ளி போதும். நான்காவது நாளிலிருந்து விறகு.

முகப்புக்கு மேலே தேக்கில் பலகை போட்டு, அதன் மேல் டி.வி. மாட்டலாமா?
வாசகி, குன்னூர்

பலகை போடலாம், அளவு பார்த்து. வாயின் விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் வரவே கூடாது என்பதும், 12 அங்குலத்துக்குள் வரும் மரம் ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது என்பதும் முன்னே சொன்ன அதே விதியில் உள்ளவை. எட்டு அங்குலம் நீட்டும் தேக்குப் பலகை வேண்டுமென்றால் 12 அங்குலத்துக்கு மேலே ஏற்றிவிடுங்கள். டி.வி.க்கு வேறு சுவர் தேடுங்கள். பெரும்பாலான டி.வி. கையேடுகள் 40 டிகிரி வரைதான் அனுமதிக்கின்றன. கணப்பின் மேல் எழும் காற்று அதைத் தாண்டுவதற்கு அரைமணி நேரம் போதும்.

கோபியில் புது வீடு கட்டுகிறோம். ஆசாரத்தில் அழகுக்கு ஒரு கணப்பு வைத்து டைல்ஸ் ஒட்ட இன்டீரியர்காரர் வரைபடம் கொடுத்திருக்கிறார்.
வாசகர், கோபிசெட்டிபாளையம்

பங்குனி வெயிலில் கோபியில் யார் குளிர்காய்வது? தீ மூட்டாத மாடமாக இருந்தால் எந்த டைலும் எந்தப் பசையும் போதும். விளக்கு வையுங்கள், புத்தகம் வையுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக அதில் கரித்துண்டைக் கொளுத்திவிடாதீர்கள். புகைபோக்கி இல்லாத மாடத்தில் எரியும் கரி, வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடை அறைக்குள் விடும்.

எங்கள் பொடக்காளியில் வெந்நீர்த் தவலை பதித்த விறகடுப்பு உள்ளது. அதைச் சுற்றி ஒட்டிய டைல்ஸ் ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. இதற்கும் கணப்பு விதிதானா?
வாசகி, பெருந்துறை

அதே விதிதான், சற்றுக் கடுமையாக. மலையில் ஆண்டுக்கு நாலைந்து மாதம் எரிவது உங்கள் வீட்டில் தினமும் காலையில் எரிகிறது. போதாக்குறைக்குச் சூடான டைலின் மேல் தண்ணீரும் சிந்துகிறது. அடுப்பு வாயைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு டைலே வேண்டாம். அங்கே நெருப்புச் செங்கல்லை முகம் தெரியும்படி கட்டிவிட்டு, அதற்கு வெளியே டைல்ஸைத் தொடங்குங்கள். தவலையின் கழுத்தைச் சுற்றியும் விரல் நுழையும் இடைவெளி விட்டு நார்க் கயிறு சுற்றுங்கள். செம்பு டைலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளும்.

புது டைல்ஸ் போட்ட பிறகு முகப்பின் மேல்பகுதி கறுத்துக்கொண்டே வருகிறது. ஆசிட் ஊற்றித் துடைத்தேன், இணைப்புகள் பொடிந்துவிட்டன.
வாசகர், ஏற்காடு

ஆசிட்டை இனித் தொடாதீர்கள். அது கரியை விட்டுவிட்டு இணைப்பில் உள்ள சிமென்டைத்தான் தின்னும். பாத்திரம் துலக்கும் சோப்பும் வெந்நீரும், அடம்பிடிக்கும் இடத்தில் சமையல் சோடா குழைத்த பசையும் போதும். பொடிந்த இணைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது க்ரௌட் இடுங்கள்.

ஆனால் முகப்பு கறுக்கிறது என்றால் புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்புகிறது என்று பொருள். டைல்ஸ் வேலையின்போது விழுந்த காரைத் துண்டுகள் புகைபோக்கியின் கழுத்தில் தங்கியிருக்கலாம். முதலில் டார்ச் அடித்து அதைப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் அளவைப் பாருங்கள். சதுரப் புகைக்குழலின் உள்பரப்பு கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், வட்டக் குழல் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. 3 அடிக்கு 2½ அடி வாய் என்பது 1,080 சதுர அங்குலம்; அதற்கு 9 அங்குலத்துக்கு 12 அங்குலக் குழல் சரியாக இருக்கும். குழல் அதைவிடச் சிறியதென்றால் குழலை இடித்துக் கட்டுவதைவிட வாயைச் சிறிதாக்குவது எளிது. தீக்கூட்டின் அடியில் நெருப்புச் செங்கல் இரண்டு வரிசை கூடுதலாகப் பரப்பித் தீயை உயர்த்திப் பாருங்கள். புகை நின்றுவிட்டால் அதையே நிலையாகக் கட்டிவிடலாம். நிற்காவிட்டால், வாயின் மேல் விளிம்பில் ஒரு தகட்டைக் குறுக்கே பிடித்து, புகை நிற்கும் வரை அங்குலம் அங்குலமாக இறக்கி, நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு எனக்கு அந்த அளவை எழுதுங்கள். மேல்வரிசை டைல்ஸை எங்கே தொடங்குவது என்பதை அதன் பிறகு சொல்கிறேன்.